நாசில் பிரிவில் கற்ற மைக்ரான் கல்வி கைவிடப்படக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்சார வாகனங்களைப் பற்றி அண்மையில் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையில், என்ஜினுக்குள் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் போன்ற பாகங்களின் காலம் முடிந்துவருகிறது, எனவே தொழிற்பயிற்சி நிலையங்களும் பாலிடெக்னிக்குகளும் அவை சார்ந்த பாடங்களைக் கைவிட்டுவிடலாம் என்று ஒரு வரி இருந்தது. முப்பத்தொரு ஆண்டுகள் டீசல் இன்ஜெக்டரின் நாசில், அதாவது தெளிப்பு முனை, தயாரிக்கும் பிரிவிலேயே பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்த ஒரு வரிக்கு மட்டும் மறுமொழி எழுதுகிறேன். மின்சார வாகனங்கள் மீது எனக்கு எந்த விரோதமும் இல்லை. என் பேரப்பிள்ளைகள் புகையில்லாத சாலையில் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். இன்ஜெக்டர் போகும்போது அதைச் செய்யப் பழகிய கையும் கண்ணும் சேர்ந்து போய்விடக் கூடாது என்பதே என் கவலை.

லாரி ஷெட்டில் இன்ஜெக்டரைப் பார்த்தவர்கள் அதை ஒரு சாண் நீள இரும்புத் துண்டு என்றுதான் நினைப்பார்கள். அதன் முனையில் இருக்கும் நாசிலையும் அதற்குள் ஏறி இறங்கும் ஊசியையும் கழற்றிப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓடும் நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில், ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிடத்துக்கு 750 தடவை அந்த ஊசி எழுந்து அமர வேண்டும். ஒவ்வொரு தடவையும் அது தெளிக்கும் டீசல், பெரிய லாரி என்ஜினில்கூடச் சில சொட்டுகள்தான். அதற்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் இரண்டு பங்கு, மூன்று பங்கு. எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயில் உயர் அழுத்த டீசலைத் தேக்கி வைக்கும் காமன் ரெயில் முறை வந்த பிறகு அந்தச் சில சொட்டுகளையே பிரித்து, முன்னதாகக் கொஞ்சம், பிறகு முழுதும், கடைசியில் கொஞ்சம் என்று தெளிக்கிறார்கள். முன்னதாகத் தெளிக்கும் பங்கு ஒன்றிரண்டு கன மில்லிமீட்டர்தான். கார் டயரில் நாம் அடிக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல் ஆயிரம் மடங்கு, அதாவது 2000 பார் அளவில், அந்த டீசல் அதற்குள் காத்திருக்கிறது. ஊசி சரியாக அமராமல் ஒரு துளி கசிந்தால் அது முழுதாக எரியாமல் கரும்புகையாகிறது. கசிவு நீடித்தால் பிஸ்டனின் தலையே உருகி ஓட்டையாகிவிடும்.

டீசல் என்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலாலேயே இந்த வேலையை நேரடியாகச் செய்ய முடியவில்லை. 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய என்ஜின் வெற்றிகரமாக ஓடியபோது, எரிபொருளைச் சிலிண்டருக்குள் தள்ளியது தனியே ஒரு கம்ப்ரசர் கொடுத்த அழுத்தக் காற்று. அந்தக் கம்ப்ரசரின் எடையைச் சுமந்துகொண்டு என்ஜின் கப்பலிலும் மின்நிலையத்திலும் நிற்கலாம், சாலையில் ஓட முடியாது. டீசலை மட்டும் உயர் அழுத்தத்தில் தெளிக்கும் பம்பையும் நாசிலையும் ஆயிரக்கணக்கில் ஒரே அளவாகச் செய்யும் திறமை தொழிற்சாலைக்கு வரக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ஸ்டுட்கார்ட்டில் ராபர்ட் போஷ் 1922-இல் அந்த முயற்சியில் இறங்கினார். 1927-இல்தான் தொடர் உற்பத்தி தொடங்கியது. அதன் பிறகே டீசல் லாரி பரவலாயிற்று. இந்தியாவில் 1951-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, சுருக்கமாக மைக்கோ, இந்தத் தொழிலை இங்கே வேரூன்றச் செய்தது. எங்கள் தலைமுறை மெக்கானிக்குகளுக்கு டீசல் பம்ப் என்றாலே மைக்கோதான். நம் மாநிலத்திலும் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த மண்ணூரில் டீசல் இன்ஜெக்‌ஷன் தொழிற்சாலை இருக்கிறது. என்ஜின் தெரிந்த நாடுகள் பல இருந்தன. நாசில் செய்யத் தெரிந்த நாடுகள் சிலவே இருந்தன என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறேன்.

அது ஏன் அவ்வளவு கடினம் என்பதை நான் செய்த வேலையிலிருந்தே சொல்கிறேன். நாசில் உடலைத் தானியங்கிக் கடைசல் இயந்திரத்தில் கடைந்து துளையிடுவது எளிய பகுதி. உள்ளே இரண்டு துளைகள் சந்திக்கும் இடத்தில் எழும் பிசிறை அகற்றுவதில்தான் முதல் சோதனை வருகிறது. கண்ணுக்கே தெரியாத அந்தப் பிசிறு என்ஜின் ஓடும்போது பிய்ந்து போனால் தெளிப்புத் துளையை அடைத்துவிடும். பிய்யாமல் நின்றால், கூரான அந்த விளிம்பிலிருந்துதான் அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தில் உலோகம் விரிசல் விடத் தொடங்கும். பிறகு மேற்பரப்பில் கார்பன் ஏற்றிக் கடினப்படுத்துகிறோம். சூட்டிலிருந்து குளிர்வித்தாலும் எஃகின் உள்ளமைப்பு முழுதாக மாறிவிடுவதில்லை; மாறாமல் தங்கிய பகுதி சில மாதங்கள் கழித்துத் தானாக மாறும்போது எஃகு சிறிது பருக்கும். அதனால் உறைநிலைக்கு வெகு கீழே குளிரூட்டி அந்த மாற்றத்தை அங்கேயே முடித்துவிட வேண்டும். இந்தப் படியைச் சரியாகச் செய்யாத நாசில் அன்றைக்கு எல்லாப் பரிசோதனையிலும் தேறும். ஆறு மாதம் கழித்து ஏதோ ஒரு ஊரில், அறுவடை நேரத்தில், ஒரு டிராக்டருக்குள் ஊசி இறுகி நிற்கும்.

அதன் பின் துளையின் உட்புறத்தைக் கல்லால் தேய்த்து நேர்த்தியாக்கி, அதாவது ஹோனிங் செய்து, ஊசி அமரும் கூம்பு வடிவச் சீட்டை விரல் நுனியைவிடச் சிறிய கல்லால் கிரைண்டிங் செய்கிறோம். உடலில் இருக்கும் கூம்பின் கோணமும் ஊசி முனையின் கோணமும் ஒன்றாக இருக்கக் கூடாது. ஊசியின் கோணம் மிகச் சிறிது கூடுதலாக இருந்தால்தான், பரப்பு முழுதும் படியாமல் ஒரு மெல்லிய வட்டக் கோட்டில் மட்டும் படிந்து, சொட்டுக்கூட இறங்காமல் அடைக்கும். தெளிப்புத் துளைகளை டிரில் கொண்டு போடுவதில்லை. மின்பொறியால் உலோகத்தை அரித்து, மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, ஒன்றரைப் பங்கு விட்டத்தில் ஐந்து முதல் எட்டுத் துளைகள் போடுவார்கள். துளையின் உள்விளிம்பை மழுக்குவதற்கு, தேய்ப்புத்தூள் கலந்த எண்ணெயை அழுத்தத்தோடு அதே துளை வழியாகச் செலுத்தி, குறித்த அளவு ஓட்டம் வந்ததும் நிறுத்துவார்கள். இந்த ஒரு படியில் மட்டும், துளையின் அளவைப் பார்த்து நிறுத்துவதில்லை. அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்த்து நிறுத்துகிறோம். எனக்கு மிகவும் பிடித்த படி அது.

இனி ஊசியும் உடலும் ஜோடி சேர வேண்டும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு, மூன்று மைக்ரான்; மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்கு மேல் போனால் டீசல் பின்வழியே கசியும். குறைந்தால் ஊசி சிக்கும். ஆகவே உடலின் துளையை, காற்றைச் செலுத்தி அளக்கும் ஏர் கேஜ் கருவியில் அளந்து, அந்த உடலுக்கென்றே அந்த ஊசியைக் கிரைண்டிங் செய்வோம். ஒன்றன் ஊசியை மற்றொன்றில் போடக் கூடாது என்று நல்ல பம்ப் மெக்கானிக்குகள் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

நான் பயிற்சியாளராகச் சேர்ந்த முதல் மாதத்தில், ஒரு ஜோடி சிக்குகிறது என்று சொல்லி மேற்பார்வையாளரிடம் கொண்டுபோனேன். சோதனை முறை இதுதான்: டெஸ்ட் எண்ணெயில் நனைத்த ஊசியை உடலுக்குள்ளிருந்து மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்து, உடலைச் சாய்த்துப் பிடித்து விட்டுவிட்டால், ஊசி தன் எடையாலேயே வழுக்கிக்கொண்டு உள்ளே போய் அமர வேண்டும். என் கையில் அது பாதியில் நின்றது. அவர் ஒன்றும் பேசாமல் இரண்டையும் வாங்கிக் கிரானைட் மேசையில் வைத்தார். பத்து நிமிடம் கழித்து, ஊசியின் வால்முனையை மட்டும் இரண்டு விரல்களால் பற்றி எடுத்து, அதே உடலுக்குள் விட்டார். தயிர்ப்பானையில் கரண்டி இறங்குவதுபோல மெதுவாக, எங்கும் தயங்காமல் இறங்கியது. “தம்பி, உன் உள்ளங்கைச் சூடுதான் அதைப் பிடித்து நிறுத்தியது” என்றார். அன்று இரவு விடுதியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு மில்லிமீட்டர் தடிமன் உள்ள எஃகு பத்து டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.7 மைக்ரான் பருக்கும். இருப்பதே இரண்டரை மைக்ரான் இடைவெளி என்றால், அதில் கால் பங்குக்கு மேல் என் கையே தின்றுவிட்டது. அளவு அறையை ஆண்டு முழுதும் 20 டிகிரியில் ஏன் வைத்திருக்கிறார்கள், அசெம்பிளி அறைக்குள் பஞ்சுக் கழிவால் துடைக்கக்கூட ஏன் விடுவதில்லை என்பதெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் எனக்கு விளங்கியது. அந்தப் பெரியவர் இன்று உயிரோடு இல்லை. அவர் சொல்லித்தந்ததை நான் முப்பது பேருக்காவது சொல்லித்தந்திருப்பேன். அவர்களில் பெரும்பாலோரும் இப்போது ஓய்வுபெறும் வயதில் இருக்கிறார்கள்.

கட்டுரையாளர் காணத் தவறியது இதைத்தான் என்று கருதுகிறேன். நாசில் பிரிவில் நாங்கள் கற்றது டீசலைப் பற்றிய பாடம் மட்டும் அன்று. கல் மழுங்கினால் உலோகம் எப்படிக் கருகும், கருகிய இடம் எப்படிப் பின்னர் உதிரும், அளக்கும் கருவியே தவறினால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்னும் படிப்பு அது. இயந்திரங்களில் எண்ணெய் ஓட்டத்தை நுட்பமாகக் கட்டுப்படுத்தும் ஹைட்ராலிக் சர்வோ வால்வுக்கும் இதே சில மைக்ரான் இடைவெளிதான். 2023 பிப்ரவரியில் பெங்களூரில் ரிலையன்ஸும் அசோக் லேலண்டும் ஹைட்ரஜனை எரித்து ஓடும் லாரியைக் காட்சிப்படுத்தினார்களே, அதைப் போன்ற என்ஜினிலும் எரிபொருளை அளந்து விட ஓர் இன்ஜெக்டர் வேண்டும். டீசலுக்கு உள்ள வழுக்குத்தன்மை ஹைட்ரஜனுக்குக் கிடையாது. கசிவதிலும் அதற்கு நிகர் அதுவே. சீட்டின் நேர்த்தி அங்கே இன்னும் கூடுதலாகத் தேவைப்படுமே தவிரக் குறையாது.

காலம் முடிந்துவிட்டது என்பதும் இன்றைய நிலைக்குப் பொருந்தவில்லை. 2020 ஏப்ரலில் வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ்.6 விதி வந்ததோடு, புதிய பெட்ரோல் பைக்குகளிலும் ஸ்கூட்டர்களிலும் கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்து, அந்த இடத்தில் இன்ஜெக்டர் வந்து அமர்ந்தது. அதாவது, நாட்டில் முன் எப்போதும் இல்லாத எண்ணிக்கையில் இன்ஜெக்டர் செய்யத் தொடங்கியதே இந்த சில ஆண்டுகளில்தான். போர்வெல் லாரியும் நெல் அறுவடை இயந்திரமும் விசைப்படகும் டீசலை விட்டு விலக இன்னும் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை அவை புகையின்றி ஓடுவது நாசிலின் கையில்தான் இருக்கிறது. பி.எஸ்.6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்காகக் குறைக்கப்பட்டது காற்றுக்கு நல்லது. ஆனால் அவ்வாறு சுத்திகரிக்கும்போது டீசலின் இயல்பான வழுக்குத்தன்மையும் குறைந்துவிடுகிறது. சேர்மானங்கள் கொண்டு அதை ஈடுகட்டுகிறார்கள். ஊசியின் மேற்பரப்பு எவ்வளவு நேர்த்தியாக இருக்க வேண்டும் என்பது முன்னைவிடக் கடுமையான கேள்வியாகத்தான் ஆகியிருக்கிறது.

ஓய்வுக்குப் பிறகு சில பாலிடெக்னிக்குகளுக்கு விருந்தினராகப் போயிருக்கிறேன். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். கணினியில் வரைகிறார்கள், கணினியால் இயங்கும் சி.என்.சி. இயந்திரத்துக்கு நிரல் எழுதுகிறார்கள். ஆனால் நான் சந்தித்தவர்களில் பெரும்பாலோர் கையில் தொட்டிருந்தது 0.01 மில்லிமீட்டர் காட்டும் மைக்ரோமீட்டர் வரைதான். அதன் ஒரு கோட்டுக்குள் பத்து மைக்ரான் அடங்கிக் கிடக்கிறது. நாங்கள் வேலை பார்த்தது அந்த ஒரு கோட்டுக்குள்ளே. ஏர் கேஜை அவர்கள் படத்தில் பார்த்திருந்தார்கள். இது பிள்ளைகளின் குற்றமும் அல்ல, அவர்களுடைய ஆசிரியர்களின் குற்றமும் அல்ல. 20 டிகிரியில் நிலையாக இருக்கும் ஓர் அறை இல்லாத இடத்தில் மைக்ரானைக் கற்பிக்க யாராலும் முடியாது.

தமிழக அரசு, டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களைத் தொழில் 4.0 எனப்படும் நவீன தானியங்கித் தொழில்நுட்ப மையங்களாக மேம்படுத்தியிருப்பது பாராட்டத்தக்க செயல். ரோபோவும் நவீன இயந்திரங்களும் வந்துவிட்ட அந்த மையங்களில் சிலவற்றிலாவது, வெப்பநிலை மாறாத ஓர் அளவு அறையையும், சிறிய ஹோனிங் இயந்திரம் ஒன்றையும், உட்புற கிரைண்டிங் இயந்திரம் ஒன்றையும் சேர்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். மாணவன் ஒவ்வொருவனும், மாணவி ஒவ்வொருத்தியும், படிப்பு முடிவதற்குள் தன் கையால் ஒரு துளையையும் அதற்குப் பொருந்தும் ஓர் ஊசியையும் செய்து, சாய்த்துப் பிடித்து விட்டுக் காட்ட வேண்டும். வழுக்கி இறங்கினால் தேர்ச்சி. இதற்கு நாசில் தொழிற்சாலைகளிலிருந்து ஓய்வுபெற்றவர்களைக் கௌரவ ஆசிரியர்களாக அழைக்கலாம். பட்டம் இல்லை என்று அவர்களை ஒதுக்காதபடி விதியைத் தளர்த்த வேண்டும். எங்களில் பலர் ஐ.டி.ஐ. சான்றிதழோடு வேலையில் நுழைந்தவர்கள்.

என் வீட்டிலிருந்து பேருந்தில் போய் வரக்கூடிய எந்த அரசு தொழிற்பயிற்சி நிலையம் அழைத்தாலும், வாரத்தில் இரண்டு நாள் ஊதியமின்றி வந்து கற்பிக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். என் முன்னாள் சக பணியாளர்களில் நால்வர் இதே சொல்லைத் தந்திருக்கிறார்கள். எங்கள் ஐந்து பேரின் முகவரிகளையும் இக்கடிதத்தோடு தனியே இணைத்துள்ளேன்; துறை அதிகாரிகள் கேட்டால் அவற்றைக் கொடுத்து உதவுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாசில் பிரிவு மேற்பார்வையாளர் (ஓய்வு),
செங்கல்பட்டு.