மூன்றாவது முறையும் கேட்டது ஏன்?

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் கண் அறுவை சிகிச்சை எந்தத் தேதி என்று சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் மூன்றாவது முறையாகக் கேட்டபோது, நீங்கள் சற்று நேரம் பேசாமல் இருந்தீர்கள். அந்த மௌனத்துக்கான பதில்தான் இந்தக் கடிதம். அக்கறை இல்லாமல் கேட்கவில்லை, அக்கா. முதல் இரண்டு முறையும் நீங்கள் சொன்னது காதில் விழுந்தது, மனத்தில் பதியவில்லை. பதியாத ஒன்றை மறந்துவிட்டதாகவும் சொல்ல முடியாது.

மனச்சோர்வு பெருமளவு விலகிவிட்டது. தூக்கம் சீராகியிருக்கிறது, பசி எடுக்கிறது, விழித்தவுடன் நெஞ்சை அழுத்தும் பாரம் இல்லை. கவனம் மட்டும் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் மனநிலை தேறினாலும், ஒரு விஷயத்தில் மனம் ஊன்றி நிற்பதும் யோசிக்கும் வேகமும் பலருக்கு அதன் பின்னால் மெதுவாகத்தான் வரும் என்று மருத்துவர் சொன்னார். இதை முன்பே அறிந்திருந்தால், மூளையே மழுங்கிவிட்டதோ என்று அஞ்சிக் கழித்த இரவுகள் சில மிச்சமாகியிருக்கும்.

மருத்துவரிடம் போகும்போதெல்லாம் ஒன்பது கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றைத் தருகிறார்கள். கடந்த இரண்டு வாரங்களில் ஒவ்வொரு தொல்லையும் எவ்வளவு நாள் இருந்தது என்று 0 முதல் 3 வரை குறிக்க வேண்டும். செய்தித்தாள் படிப்பது, தொலைக்காட்சி பார்ப்பது போன்றவற்றில் மனம் ஒன்றச் சிரமப்பட்டீர்களா என்பது ஏழாவது கேள்வி. மற்றவற்றில் என் எண்கள் இறங்கிவிட்டன. ஏழாவதில் இன்னும் 2தான்.

ஒருநாள் மருத்துவர் ஒரு சோதனையும் வைத்தார். 1935இல் ஸ்ட்ரூப் என்ற அமெரிக்க உளவியலாளர் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது அது. நிறங்களின் பெயர்களைப் பொருந்தாத வேறு நிறத்தில் அச்சிட்டிருப்பார்கள். சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். கண் நம்மைக் கேட்காமலே சொல்லைப் படித்துவிடுவதால், அதை அடக்குவதற்குக் கவனம் தேவைப்படுகிறது. யாரும் கொஞ்சம் திணறுவார்கள். நானோ தடங்கலின்றிச் சொல்லி முடித்தேன். மருத்துவருக்கு மகிழ்ச்சி, எனக்குச் சந்தேகம். அந்தச் சொற்கள் இந்த நாட்டு மொழியில் இருந்தன. இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் மொழியில் சொல் என்னை இழுக்கவே இல்லை! அறைக்கு வந்து, நீல மையில் ‘சிவப்பு’, சிவப்பு மையில் ‘பச்சை’ என்று இருபது சொற்களைத் தமிழில் எழுதிவைத்துச் சொல்லிப் பார்த்தேன். ஐந்தாவது சொல்லிலேயே நாக்குக் குழறியது. அடுத்த முறை அந்தத் தாளைக் காட்டியபோது மருத்துவர் வாய்விட்டுச் சிரித்தார்.

ஆனால் அந்த இந்நாட்டு மொழிதான் மற்ற நேரமெல்லாம் என்னைக் களைப்பாக்குகிறது. தமிழில் பின்னால் நின்று இருவர் பேசினாலும் செய்தி தானாக வந்து சேரும். இங்கே ரயில் நிலைய அறிவிப்பைக்கூட முயன்று கேட்க வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே மனத்தில் ஒரு பகுதி பழைய தோல்விகளை அசைபோட்டுக் கொண்டிருக்க, மிஞ்சிய பகுதியைக் கொண்டு அலுவலகக் கூட்டத்தில் ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்வதற்குள் பேச்சு மூன்று வாக்கியம் தாண்டிவிடுகிறது. நடுப்பகலுக்குள் தலை கனத்துவிடும். மேலாளர் இதைச் சோம்பல் என்று எண்ணினார். சில நாள் நானும் அப்படியே எண்ணினேன்.

இப்போது கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் மட்டும் படிக்கத் தொடங்கி, இருபத்தைந்து நிமிடத்துக்கு வந்திருக்கிறேன். யார் எதைச் சொன்னாலும் அப்போதே தாளில் குறித்துக்கொள்கிறேன். தியானம் செய் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கென்னவோ கண்ணை மூடினால் பழைய கணக்குகளே வரிசைகட்டுகின்றன. வேகமாக நடப்பதே ஒத்துவருகிறது.

இந்தக் கடிதத்தை மூன்று தடவையாக உட்கார்ந்து எழுதினேன். சென்ற மாதமாக இருந்தால் முதல் பத்தியோடு நின்றிருக்கும். அம்மாவின் அறுவை சிகிச்சைத் தேதியையும் நேரத்தையும் தயவுசெய்து எழுதி அனுப்புங்கள். மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டிவைக்கிறேன்.

அன்புடன்,
தம்பி