அந்தக் கடைசி ஒரு இன்ச்

மாப்ள,

உன் மெயில் வந்து நாளாச்சு, பதில் போடலைன்னு கோச்சுக்காத. ஃபோன்ல டைப் பண்ற பொறுமையெல்லாம் எனக்கு என்னைக்கும் இருந்ததில்ல, உனக்கே தெரியும், கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தாத்தான் நாலு வரி கோர்வையா வரும். பொண்ணுக்கு வேலை கிடைச்சதுல ரொம்ப சந்தோஷம்டா, நான் கேட்டேன்னு அவகிட்ட சொல்லு. இங்க எல்லாரும் சௌக்கியம்தான். எனக்கு கண்ணாடி பவர் ஏறிடுச்சு, மோதிரத்துக்கு கல் கட்டுற மாதிரி பொடி வேலை எல்லாம் இப்போ சரிப்பட்டு வரல, அதான் மெதுவா காப்பு பக்கம் நகர்ந்துட்டேன். பட்டை தெரியுது, விளிம்பு தெரியுது, அது போதும். நீயும் கடைசில அதே வாய் திறந்த காப்புல வந்து நிக்கிறேன்னு எழுதியிருந்தத படிச்சு சிரிச்சுட்டேன், ரெண்டு பேரும் ஒரே வயசுல ஒரே இடத்துக்குத்தான் வந்து சேருறோம்.

சரி, கேட்டதுக்கு வரேன். காப்பு வளைக்கிற குறடு வாங்கலாமா, இல்ல அந்த முட்டை வடிவ இரும்பு அச்சு மட்டும் போதுமான்னு கேட்டிருந்த. பணம் ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா குறடு வாங்கு. ஏன்னா காப்பு வேலைல கஷ்டமே வளைக்கிற தகட்டுப் பட்டையோட ரெண்டு நுனியிலயும் இருக்கிற கடைசி ஒரு இன்ச்தான், அதுக்காக மட்டும்தான் அந்தக் குறடே வேணும், மத்ததெல்லாம் கையாலயே ஆகிடும்.

நீயே யோசிச்சுப் பாரு, 6 இன்ச் பட்டை ஒண்ண எடுத்து ஒரு பைப் துண்டு மேல வச்சு ரெண்டு பக்கமும் கட்டைவிரலால அமுக்குனா நடுவுல அழகா வளையும், ஏன்னா ஒவ்வொரு பக்கமும் 3 இன்ச் பிடி இருக்கு, நெம்பு நல்லா கிடைக்குது. வளைச்சுக்கிட்டே நுனிப் பக்கம் போகப் போக பிடி குறைஞ்சுக்கிட்டே வரும், கடைசி இன்ச்ல பிடிக்கவே எதுவும் இருக்காது, எவ்வளவு அமுக்குனாலும் அது நேராவே நிக்கும். அப்படியே விட்டா காப்பு ஆங்கில யு எழுத்து மாதிரி ஆகி, நேரா நிக்கிற அந்த ரெண்டு நுனியும் மணிக்கட்ட குத்தும். நீ அனுப்புன ஃபோட்டோல இருக்கிறது அதேதான், நடுவுல ரவுண்டு, நுனி ரெண்டும் விறைச்சுக்கிட்டு நிக்குது. அதனால முதல்ல நுனி ரெண்டும், அப்புறம்தான் நடு. இந்த வரிசைய மாத்தவே மாத்தாத, நடுவ முதல்ல வளைச்சுட்டா அப்புறம் உள்ள குறடு நுழைய இடமும் இருக்காது.

குறடு எப்படி இருக்கும்னா, சாதாரண கட்டிங் பிளேயர விட பெரிய வாய், ஒரு பக்கம் குவிஞ்சு இருக்கும் இன்னொரு பக்கம் குழிஞ்சு இருக்கும், ரெண்டும் நைலான். இரும்பு வாய்னா தகட்டுல பல்லுத் தடம் விழுந்துடும், அத தேய்ச்சு எடுக்கிறதுக்குள்ள உயிர் போயிடும். வாங்கும்போது அந்த வாய் ஸ்குரூ போட்டு கழட்டி மாட்டுற மாதிரி இருக்கான்னு பாரு, நைலான் தேயும், கண்டிப்பா தேயும். அதோட பட்டை விளிம்புல பிசிறு இருந்தா அது நைலான்ல இறங்கி, பொடித் துகள் அங்கயே பதிஞ்சு, அடுத்து வர்ற பளபளன்னு பாலிஷ் போட்ட பட்டையில கீறல் போடும். அதனால வளைக்கிறதுக்கு முன்னாடியே விளிம்ப ராவி, நுனிய உருட்டி, உப்புத்தாள் போட்டு முடிச்சுடு. வளைச்சதுக்கு அப்புறம் உள்பக்கம் அரம் போகவே போகாது.

பிடிக்கிற விதம் ஒண்ணு இருக்கு, அதுல அவசரப்படாத. நுனிய வாயோட முழு அகலத்துக்கும் உள்ள விடு, லேசா ஒரு அமுக்கு, ஒரு மூணு நாலு மில்லிமீட்டர் நகர்த்து, மறுபடி லேசா அமுக்கு, முன்னாடி பிடிச்ச இடமும் இப்போ பிடிக்கிற இடமும் பாதிக்கு மேல ஒண்ணு மேல ஒண்ணு விழணும். ஒரே பிடியில பலமா அமுக்கி அடுத்த இடத்துக்குத் தாவுனா அங்கங்க மடிப்பு விழும், வளைவு வராது, வெளிச்சத்துல திருப்பிப் பாத்தா பட்டை பட்டையா ஒளி உடையும். லேசா நகர்த்திக்கிட்டே போனா ஒளி ஒரே கோடா நுனி வரைக்கும் ஓடும், அத வச்சுத்தான் நான் சரி தப்பு பாக்குறேன், ஸ்கேல் எல்லாம் எடுக்கிறதே இல்ல.

குறடு இல்லாம இன்னொரு வழி, மரக்கட்டைல ரெண்டு தடிச்ச முளை அடிச்சு, நடுவுல தகடு கனத்த விட ஒரு மயிரிழை அதிகமா இடம் விட்டு, முளைக்கு தோல் சுத்தி வச்சுக்க. நுனிய அந்த சந்துல விட்டு மறுமுனைய பிடிச்சு பக்கவாட்டுல மெதுவா இழு. நுனிய முளை பிடிச்சுக்குது, நெம்புறதுக்கு பட்டையோட மிச்ச நீளம் முழுக்க உன் கையில இருக்கு. கடையில விக்கிற வளைப்புத் தண்டும் இதே கணக்குதான், தடிச்ச உருளையில நுனி சொருக ஒரு இடம் வச்சிருப்பான், அவ்வளவுதான். கட்டைவிரல் மூட்டு வலிக்குதுன்னு எழுதியிருந்தியே, அப்படின்னா உனக்கு குறட விட இந்த முளைதான் சுகமா இருக்கும்னு தோணுது, குறடுல திரும்பத் திரும்ப கைய மூடித் திறக்கணும், முளையில தோள் பலம் வேலை செய்யும். அட, மேல குறடு வாங்குன்னு சொல்லிட்டு இப்போ இப்படி சொல்றேனேன்னு பாக்காத, முதல்ல கட்டை முளை செஞ்சு பாத்துடு, அரை நாள் வேலை, அதுல திருப்தி இல்லேன்னா குறடு.

அடுத்தது பின்வாங்கல். வளைச்சு விட்டதும் கொஞ்சம் விரிஞ்சுக்குதே, நீ அத குறடு குறைன்னு நினைச்சிருக்க, அது குறடு குறை இல்லடா. தகட்ட வளைக்கும்போது வெளிப்பக்கம் இழுபடுது, உள்பக்கம் நெருக்கப்படுது, நடுவுல ஒரு அடுக்கு ரெண்டும் இல்லாம இருக்கு. அந்த நடு அடுக்குக்கு பக்கத்துல இருக்கிற உலோகம் இன்னும் நிரந்தரமா வளையல, பழைய இடத்துக்கு போகத்தான் பாக்கும், கைய விட்டதும் அது இழுத்து விரிக்குது. தகடு மெலிசா இருந்தாலும், விறைப்பா இருந்தாலும், வளைவோட வட்டம் பெருசா இருந்தாலும் பின்வாங்கல் கூடும். அதனாலதான் குறடோட வாய் வளைவு மணிக்கட்ட விட சின்னதா இருக்கும், கூடுதலா வளைச்சா விரிஞ்சு சரியான அளவுல வந்து நிக்கும்னு கணக்கு. சூடு காட்டி மிருதுவா இளக்குன செம்பு ரொம்ப கொஞ்சமாத்தான் விரியும், கடையில வாங்குன விறைப்புப் பித்தளை நல்லாவே எகிறும், அதுக்கு தாராளமா கூட்டி வளைக்கணும்.

இளக்குறது எப்பவும் வளைக்கிறதுக்கு முன்னாடி. செம்புன்னா கொஞ்சம் இருட்டான இடத்துல வச்சு மங்கலான சிவப்பு தெரியிற வரைக்கும் தீ காட்டி தண்ணியில போடு. 925 வெள்ளின்னா, அதாவது நூத்துக்கு 92.5 பங்கு வெள்ளி இருக்கிற கலவைன்னா, அந்த சிவப்பு அடங்குனதும் தண்ணி. அலுமினியத்துல மட்டும் ஜாக்கிரதை, அது 660 டிகிரியில உருகிடும், அதுக்கு முன்னாடி சிவந்து எச்சரிக்கையே காட்டாது, பாத்துக்கிட்டு இருக்கும்போதே தொப்புன்னு விழுந்துடும். அதுல பெர்மனென்ட் மார்க்கரால ஒரு கோடு போட்டு, தீய ஆட்டிக்கிட்டே காட்டு, கோடு மறையுற நேரத்துல எடுத்துடு. வளைச்சு முடிச்சதுக்கு அப்புறம் இளக்கிடாத, வளைக்கும்போது ஏறுன விறைப்புதான் காப்புக்கு உசுரு, அது போயிட்டா கைல போட்டு கழட்டுற ஒவ்வொரு தடவையும் வடிவம் மாறும். கடைசியா அச்சு மேல வச்சு தோல் சுத்தியாலயோ கொட்டாப்புளியாலயோ சுத்தி வர தட்டுனா இன்னும் கொஞ்சம் விறைப்பு ஏறும், தகடும் மெலியாது. அச்சு ஒரு பக்கம் சிறுத்துக்கிட்டே போகும்ல, அதனால அப்பப்போ காப்ப தலைகீழா திருப்பிப் போட்டுத் தட்டு, இல்லாட்டி ஒரு விளிம்பு பெருசா இன்னொரு விளிம்பு சின்னதா ஆகிடும்.

தகடு கனத்த சொல்ற கேஜ் நம்பர் விஷயமா ஒண்ணு, கடைக்காரன் 16 கேஜ்னு சொன்னா தலையாட்டிட்டு வந்துடாத. அமெரிக்க கணக்குல 16 கேஜ்னா 1.29 மில்லிமீட்டர், பிரிட்டிஷ் கணக்குல அதே 16 கேஜ் 1.63 மில்லிமீட்டர். ஒண்ணு கையால வளையும், இன்னொண்ணு கைய ஒடிக்கும். மில்லிமீட்டர்லயே கேளு, இல்ல கனம் அளக்கிற வெர்னியர எடுத்துட்டு போ. உன் கைக்கு இளக்குன செம்பு 1.3 சரியா இருக்கும்.

அகலப் பட்டைல ஓரம் ரெண்டும் வெளிய சுருண்டு நடு குழிஞ்சு போகுதுன்னு எழுதியிருந்த. அது நீ செய்யிறது இல்ல, உலோகமே செய்யிறது. ஒரு ரப்பர எடுத்து வளைச்சுப் பாரு, வெளிப்பக்கம் குறுக்குல சுருங்கும், உள்பக்கம் குறுக்குல விரியும், ஓரம் ரெண்டும் தானா தூக்கிக்கும். பட்டையிலயும் அதேதான் நடக்குது. ஒல்லிப் பட்டைல தெரியாது, அகலம் கூடக் கூடத் தெரியும். அகலமான காப்புக்கு குறடு சரிப்பட்டு வராது, வாய் அகலத்துக்கு மேல போனா வாயோட விளிம்பு தகட்டுல கோடு போட்டுடும், அதுக்கெல்லாம் அச்சும் சுத்தியும்தான். எனக்கு அந்த ஓரச் சுருள் பிடிக்கும், சொல்லப்போனா அதையே வேணும்னு சுத்தியால கூட்டி விட்டா குதிர சேணம் மாதிரி ரெட்ட வளைவு வந்து, மெலிசு தகடே கல்லு மாதிரி நிக்கும். நீ தட்டையாத்தான் வேணும்னு அடம்பிடிச்சா அச்சு மேல வச்சு ஓரத்த தட்டி இறக்கு.

பேர் பொறிக்கிறது, டிசைன் தட்டுறது எல்லாம் தட்டையா இருக்கும்போதே முடிச்சுடு, அப்புறம் எழுத்து மேல மாஸ்கிங் டேப் ஒட்டிக்கிட்டு வளை. ஆனா ஓட்டை விஷயம் வேற. ஓட்டை இருக்கிற இடத்துல உலோகம் கம்மி, அதனால வளைவு மொத்தமும் அங்கயே போய் குவியும், உன் பித்தளை காப்புல நடுவுல கூன் விழுந்திருக்கிறதுக்கு அந்த மூணு ஓட்டைதான் காரணம். முடிஞ்சா வளைச்சுட்டு ஓட்டை போடு. முடியாதுன்னா அந்த இடத்த குறடாலயோ முளையாலயோ தொடாத, அச்சு மேல வச்சு கொட்டாப்புளியால கொஞ்சம் கொஞ்சமா படிய வை.

அதே காப்பு அப்புறம் விரிசல் விட்டதுக்கு காரணம் பெரும்பாலும் போடுற விதம்தான். நடுவ விரிச்சு விரிச்சு மாட்டுனா ஒரே இடம் தினமும் வளைஞ்சு நிமிந்து களைச்சு உடையும், அதுல ஓட்டை வேற இருந்தா கேக்கவே வேணாம். மணிக்கட்டோட ஒடுங்குன பக்கத்துல ஒரு நுனிய வச்சு, காப்ப உருட்டி உள்ள தள்ளணும், விரிக்கவே கூடாது. பித்தளையில இன்னொரு வினையும் இருக்கு. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துல மழைக்காலத்துல குதிரை லாயத்துல வச்சிருந்த பித்தளை தோட்டா உறை எல்லாம் தானா விரிசல் விட்டுச்சு, ஏன்னு ரொம்ப நாள் யாருக்கும் விளங்கல, 1921ல தான் தெளிவாச்சு. குதிரை மூத்திரத்துல இருந்து வர்ற அம்மோனியாவும், உறைய இழுத்துச் செய்யும்போது பித்தளைக்குள்ள தங்கிப் போன இறுக்கமும் சேந்து செஞ்ச வேலை அது. நீ வளைச்ச காப்புக்குள்ளயும் அந்த இறுக்கம் இருக்கத்தான் செய்யுது. அதனால அம்மோனியா கலந்த பாலிஷ் போட்டு பித்தளை காப்ப தேய்க்காத, செம்புக்கு அவ்வளவு பயம் இல்ல.

அளவு விஷயம் சொல்லிட்டு முடிக்கிறேன். மணிக்கட்டு சுற்றளவுல ஒரு இன்ச் கழிச்சா பட்டை நீளம், அந்த ஒரு இன்ச்தான் காப்போட திறந்த வாய். இது மெலிசுக்கு சரி. கனமான தகடுன்னா உள்பக்கம் சுருங்குறத கணக்குல எடுக்கணும், 2 மில்லிமீட்டர் தகடுன்னா உள் சுற்று கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் குறைஞ்சுடும், அந்த அளவுக்கு பட்டைய நீட்டி வெட்டிக்க. உன் பொண்ணு மணிக்கட்டு அளவையும் உன்கிட்ட இருக்கிற செம்பு எத்தன மில்லிமீட்டர்னும் எழுதி அனுப்பு, நான் பட்டை நீளமும் முளைக்கு எவ்வளவு சந்து விடணும்னும் போட்டு அனுப்புறேன். கட்டைல முளை அடிக்கும்போது ஓட்டைய முளைய விட சின்னதா போட்டு இறுக்கமா அடி, ஆடுச்சுன்னா வேலைக்கு ஆகாது.

தங்கச்சிய கேட்டதா சொல்லு.

உன்
பட்டறை பார்ட்னர்