மாசத் தொகயப் பாக்காத, யூனிட்டப் பாரு

எம்மா,

நீ பிரிட்டன்லருந்து அனுப்புன மூணு கரண்டு-கேஸ் கம்பெனி ஸ்கிரீன்ஷாட்டும் பாத்தாச்சு. இப்ப இருக்க ஃபிக்ஸட் டேரிஃப், அதான் யூனிட் வெல மாறாத ஒப்பந்தம், முடியப்போவுது, மூணுல எதுக்கு மாறட்டும்னு ஒத்த வரில கேட்டுட்டு நீ வேலைக்குப் போயிட்ட. போன்ல சொல்லலாம்னா பஸ்ல நின்னுக்கிட்டே ம் ம்னு கேப்ப, கணக்கு ஒண்ணும் காதுல ஏறாது, அதான் ஒக்காந்து டைப் பண்ணுதேன். நீளமாத்தான் இருக்கும், மாப்ளயும் நீயும் ஒண்ணா ஒக்காந்து படிங்க. காலம்பூரா ஈபில வீடு வீடா ஏறி கணக்கெடுத்தவன்ட்ட போய் பில்லப் பத்திக் கேட்டா சும்மா விடுவனா.

மொதல்ல அந்த மாசம் 92 பவுண்ட்னு போட்டுருக்க கம்பெனி. மத்த ரெண்டு பேரும் நூத்துக்கு மேல சொல்லுதான், இவன் மட்டும் 92-ன்னு சொல்லுதாம்னு ஒனக்கு அதுல ஒரு கண்ணு, எனக்குத் தெரியும். அந்த 92 வெலயே இல்லம்மா. இந்த வீட்டுக்காரி வருசத்துக்கு இவ்வளவு எரிப்பான்னு அவனா ஒரு அனுமானம் போட்டு, அத பன்னெண்டால வகுத்து, ஒன் பேங்க்லருந்து டைரக்ட் டெபிட்ல எடுத்துக்கிடுத துட்டு, அவ்வளவுதான். கொறச்சு அனுமானம் போட்டா கொறச்சலாத்தான் வரும். ஒன் போன வருச ஸ்டேட்மென்ட்ல உள்ளது கரண்டு 1,900 யூனிட், கேஸ் 7,500 யூனிட். அங்க கேஸயும் கிலோவாட் அவர்லதான் கணக்கு போடுதான், நான் ரெண்டையும் யூனிட்னே சொல்லுதேன். இவன் ரேட்டு கரண்டுக்கு யூனிட் 27 பென்ஸ் (நூறு பென்ஸ் ஒரு பவுண்ட்), ஸ்டேண்டிங் சார்ஜ், அதான் எரிச்சாலும் எரிக்காட்டாலும் விழுத கட்டணம், ஒரு நாளைக்கு 50 பென்ஸ். கேஸுக்கு 6.4 பென்ஸ், ஸ்டேண்டிங் 32. பெருக்கிக் கூட்டிப் பாத்தா வருசத்துக்கு 1,292 பவுண்ட் வருது. மாசம் 92-ன்னா வருசத்துக்கு 1,104 தான. மிச்சம் 188 என்னாச்சு? ஒன் அக்கவுண்ட்ல கடனா நிக்கும், பொறவு ஒருநாள் "ஒங்க மாசத் தொகய மாத்தியிருக்கோம்"னு பவ்யமா ஒரு மெயில் வரும்.

மத்த ரெண்டையும் அதே மாதிரி போட்டேன். ஒருத்தன் கரண்டு 24.5 பென்ஸ், ஸ்டேண்டிங் 58, கேஸ் 5.8, ஸ்டேண்டிங் 36. இன்னொருத்தன் கரண்டு 26.5, ஸ்டேண்டிங் 44, கேஸ் 6.2, ஸ்டேண்டிங் 27. யூனிட் ரேட்ட மட்டும் பாத்தா இந்த ரெண்டுல மொத ஆளுதான் மலிவுன்னு எவனும் சொல்லுவான். ஆனா ஒன் யூனிட்டுக்குப் போட்டா அவன்ட்ட 1,244, அடுத்தவன்ட்ட 1,228. அங்க 2025-ல சராசரி வீடுன்னு ஒரு கணக்கு வச்சிருந்தான்லா, கரண்டு 2,700 கேஸ் 11,500, அதுக்குப் போட்டா அப்படியே திரும்பிருது, மொத ஆளு 1,672, ரெண்டாவது ஆளு 1,688. அதாவது ஒன் சிநேகிதி நாலு பேரு இருக்க பெரிய வீட்டுல இருந்துக்கிட்டு "நாங்க இவன்ட்டதான் போனோம், சீப்பு"ன்னு சொன்னா அவ பொய் சொல்லல, ஆனா அது ஒனக்கு ஆவாது. கம்பேர் பண்ணுத சைட்லயும் நீ யூனிட்ட அடிக்காம "ரெண்டு பெட்ரூம், ரெண்டு பேரு"ன்னு மட்டும் கொடுத்துருப்ப, அது ஒரு உத்தேசத்துலதான் வரிசப்படுத்தும். இனிமே 1,900, 7,500-ன்னு நம்பரப் போட்டுத் தேடு.

இந்த ஸ்டேண்டிங் சார்ஜ்தான் எனக்கு வயித்தெரிச்சல். 2025 அக்டோபர்ல அங்க கட்டுப்பாட்டு ஆணையம் வச்ச உச்சவரம்பு ரேட்டுல பாத்தா கரண்டுக்கு ஒரு நாளைக்கு 53.68 பென்ஸ், கேஸுக்கு 34.03, ரெண்டும் சேந்து வருசத்துக்கு 320 பவுண்ட். ஒரு பல்பு போடாம வீட்டப் பூட்டிட்டு ஊருக்கு வந்து இங்க தார்சால கால நீட்டிப் படுத்துருந்தாலும் அங்க அது ஓடிக்கிட்டேதான் இருக்கும். நம்ம ஊர்ல வீட்டுக் கரண்டுக்கு இருந்த நிலைக்கட்டணத்த 2022-ல எடுத்துட்டாவ, 2025-ல உள்ள கணக்குப்படி ரெண்டு மாசத்துக்கு மொத 100 யூனிட் எல்லாருக்கும் ஃப்ரீ, எரிக்க எரிக்கத்தான் ரேட்டு ஏறும். 500-ஐத் தாண்டிட்டா 101-லருந்து 200 வரைக்கும் உள்ள சலுக ரேட்டும் போயிரும், அதுக்குப் பயந்து கணக்கெடுக்க ஒரு வாரம் இருக்கும்போதே ஏசிய அமத்துத ஆளுவள நான் எவ்வளவோ பாத்துருக்கேன். அங்க அந்த ஸ்லாப் கிடையாது. மொத யூனிட்டும் ஒரே வெல, ஆயிரமாவது யூனிட்டும் ஒரே வெல, அந்த ஸ்டேண்டிங் சார்ஜயும் சேத்து வகுத்துப் பாத்தா கொஞ்சமா எரிக்கவனுக்குத்தான் யூனிட் வெல கூட விழுது. ஒத்தயில இருக்க வயசான பொம்பள அந்த ஊர்ல எப்படித்தான் குளிரத் தாங்குதாளோ. சரி, நம்ம என்ன செய்ய முடியும், ஒன்ன மாதிரி கம்மியா எரிக்க வீட்டுக்கு ஸ்டேண்டிங் சார்ஜ் கொறச்சலா இருக்கவன்தான் தோது.

பிரைஸ் கேப் இருக்குல்லா மாமா, அதுக்கு மேல எப்படி வரும்னு மாப்ள அன்னைக்கு கேட்டாவ. அந்த கேப்பு மொத்த பில்லுக்கு இல்ல. ஆஃப்ஜெம்னு அங்க உள்ள கட்டுப்பாட்டு ஆணையம் 2019 ஜனவரிலருந்து போடுதது யூனிட் ரேட்டுக்கும் ஸ்டேண்டிங் சார்ஜுக்கும் உள்ள உச்சவரம்பு. 1,755-ன்னு நியூஸ்ல வந்ததுல்லா, அது அந்த சராசரி வீட்டுக்கு 2025 அக்டோபர்லருந்து டிசம்பர் வரைக்கும் உள்ள ரேட்டுல வருசக் கணக்கு. அதுக்கு மேல எரிச்சா அதுக்கு மேல கட்டணும். மூணு மாசத்துக்கு ஒருக்க, ஜனவரி ஏப்ரல் ஜூலை அக்டோபர்னு மாத்துதாவ. ஃபிக்ஸட் முடிஞ்சு நீ ஒண்ணுமே செய்யாம சும்மா இருந்தன்னா இப்ப இருக்க கம்பெனியே ஒன்ன அந்த கேப்பு ரேட்டுக்குத் தள்ளிருவான். அந்த அக்டோபர் ரேட்டுல, கரண்டு 26.35, கேஸ் 6.29, ஒன் யூனிட்டுக்குப் போட்டேன். எவ்வளவு வருது தெரியுமா? 1,292-ஐ ஒட்டித்தான். அந்த 92 பவுண்ட் கம்பெனி சொல்லுததும் 1,292! சும்மா இருந்தாலே கெடைக்க வெலயத்தான் அவன் ஆஃபர்னு செவப்பு எழுத்துல போட்டு விக்கான். சிரிச்சிட்டேன் போ.

கேஸ் வெல ஏறுனா கரண்டு ஏன் சேந்து ஏறுதுன்னும் கேட்டாவ. அங்க சந்தைல அந்த நேரத்துக்கு கடைசியா எந்த நெலயத்த ஓட்டுனாத்தான் கரண்டு பத்தும்னு பாத்து, அதோட வெலயத்தான் மத்த நெலயத்துக்காரனுக்கும் கொடுக்கான். அங்க அது அநேகமா கேஸ்ல ஓடுதது. நம்ம கயத்தாறு பணகுடி பக்கம் ஆனி ஆடில கரண்டுக்காவ காத்தாடி சுத்துத மாதிரி அவனுக்கு கடலுக்குள்ளயே காத்தாடி நிக்கி, ஆனாலும் வெலய வைக்கது கேஸுதான். அதனாலதான் 2022-ல ரஷ்யா உக்ரைன் சண்டைல கேஸ் தட்டுப்பாடாவி அந்த அக்டோபருக்கு கேப்பு 3,549-ன்னு வந்தது, அரசாங்கம் புகுந்து சராசரி வீட்டுக்கு 2,500-ல புடிச்சு நிறுத்துனாவ. நீ வீட்டுக்குள்ளயே ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டுட்டு வீடியோ கால் வந்த வருசம். பச்ச கரண்டுன்னு சொல்லி விக்கவனும் அந்த வருசம் ஏத்தத்தான செஞ்சான்.

பேர் தெரியாத சின்ன கம்பெனிய நம்பலாமான்னு கேட்டுருந்த. கரண்டு நின்னுருமோன்னு பயப்படாண்டாம். கம்பி அதே கம்பி, குழாய் அதே குழாய், அது வேற ஆள் கைல இருக்கு, நீ மாத்துதது பில்லு போடுதவன மட்டும்தான். 2021 கடைசில வெல ஏறுனப்ப அங்க கிட்டத்தட்ட முப்பது கம்பெனி மடமடன்னு கவுந்துச்சு, பல்புன்னு ஒண்ணு, 15 லட்சத்துக்கு மேல வாடிக்கைக்காரங்க, அதக்கூட அரசாங்கம் தாங்கிப் புடிச்சு பொறவு ஆக்டோபஸ் கைக்குப் போச்சு. யாரு வீட்டுலயும் லைட்டு அணையல, ஆஃப்ஜெம் வேற கம்பெனிட்ட ஒப்படச்சாவ, அக்கவுண்ட்ல மிச்சம் இருந்த துட்டுக்கும் பாதுகாப்பு உண்டு. ஆனா நீ புடிச்சு வச்ச ஃபிக்ஸட் ரேட்டு போயிரும், புதுசா வாரவன் அன்னைக்கு உள்ள ரேட்டுதான் போடுவான். அதனால சின்னவனா பெருசானு பாக்கத விட, கொறச்சலா எரிக்க கோடைல ஒன் துட்ட எரநூறு முன்னூறுன்னு அவன்ட்ட சேர விடாத, கூட நின்னா திருப்பிக் கேளு. ஒன் துட்டு, கேக்கதுல என்ன கூச்சம்.

இப்ப என் வேலைக்கு வாரேன். போய் கேஸ் மீட்டர் மூஞ்சியப் பாரு. அது ஓடுதது கன மீட்டர்ல, பில்லு வாரது யூனிட்ல, ஒரு கன மீட்டர் சுமார் 11 யூனிட். பழைய மீட்டர்னா கன அடில ஓடும், நூறு கன அடிதான் ஒரு எண்ணு, அது 2.83 கன மீட்டர். கன அடி மீட்டர கன மீட்டர்னு கம்பெனிக்காரன் பதிஞ்சு வச்சிருந்தா பில்லு மூணுல ஒரு பங்குதான் வரும், தெரிஞ்சதும் விட்டுப்போனதக் கேப்பான். மாத்திப் பதிஞ்சா கிட்டத்தட்ட மூணு மடங்கு கட்டிட்டு இருப்ப, நீ கம்பெனி ஒவ்வொண்ணா மாறுனாலும் அந்தத் தப்பும் கூடவே வரும். மீட்டர்ல எழுதியிருக்கதும் பில்லுல இருக்கதும் ஒண்ணான்னு பாரு. பில்லுல எஸ்டிமேட்டட்னு போட்டுருந்தா அது எவனும் மீட்டரப் பாக்காம போட்ட பில்லு, நாங்க கதவு பூட்டியிருந்தா முந்துன கணக்க வச்சுப் போடுவோம்லா, அந்தக் கதைதான். 1,900, 7,500-ன்னு நான் மேல போட்ட கணக்கே எஸ்டிமேட்ல வந்த எண்ணுன்னா அவ்வளவையும் திரும்பப் போடணும். அப்புறம் கம்பெனி மாறுத அன்னைக்கு ரெண்டு மீட்டரையும் தேதி தெரியுத மாதிரி போட்டோ எடுத்து வையி. பாளையங்கோட்டைல நான் பாத்த பில்லு சண்டைல பாதி, வீடு மாறும்போது ரீடிங்க எழுதி வைக்காததுனால வந்ததுதான். தானா ரீடிங் அனுப்புத ஸ்மார்ட் மீட்டர் இருக்கேன்னு சொல்லுவ, இருந்துட்டுப் போவட்டும், போட்டோ எடு.

வாடக வீடுன்னு தயங்காத. பில்லு ஒன் பேர்ல வந்து நீயே கம்பெனிக்குக் கட்டுதன்னா மாறுத உரிம ஒனக்குத்தான், வீட்டுக்காரர்ட்ட மரியாதைக்கு ஒரு வார்த்த சொல்லிரு. ஃபிக்ஸட் முடிய 49 நாளுக்குள்ள மாறுனா பழையவன் எக்ஸிட் ஃபீஸ், அதான் நடுவுல விட்டுட்டுப் போறதுக்கு உள்ள அபராதம், கேக்கக்கூடாது. புதுசுல கையெழுத்து போட்ட பொறவும் 14 நாளு மனசு மாறலாம். மாத்துத வேல அஞ்சு வேல நாள்ல முடிஞ்சிரும்.

நான் சொல்லுதது அந்த 1,228 ஆளு. சும்மா இருக்கத விட 64 பவுண்டுக்கு மேல மிச்சம், டிசம்பர்ல நீங்க இங்க வந்துருக்கப்ப ஸ்டேண்டிங் சார்ஜும் கொறச்சலா ஓடும். அவன் எக்ஸிட் ஃபீஸ் கரண்டுக்கு 50, கேஸுக்கு 50-ன்னு சின்ன எழுத்துல போட்டுருக்கான். நடுவுல கேப்பு நல்லா எறங்கி நீ ஓட நெனச்சா அந்த நூறும் போவும். அடுத்த கோடைல வீடு மாறுத யோசன இருக்குன்னு மாப்ள சொன்னாவளே, அப்படின்னா கையெழுத்துக்கு முன்னாடியே வீடு மாறுனா டேரிஃப் கூட வருமா, ஃபீஸ் உண்டான்னு அவன்ட்ட கேட்டு எழுத்துல வாங்கு. அவன் சரியா சொல்லலன்னா 1,244 ஆளுக்கே போ, அவன் எக்ஸிட் ஃபீஸ் இல்லன்னு போட்டுருக்கான், வெறும் 16 பவுண்டுக்கு ரெண்டு நாளு மண்டய ஒடைக்காத.

அந்த சின்ன கரண்டு ஹீட்டர மட்டும் பரண்ல தூக்கிப் போடு. 2 கிலோவாட்டு, ஒரு மணி நேரத்துக்கு 2 யூனிட், 50 பென்ஸுக்கு மேல. கேஸ் யூனிட்ட விட கரண்டு யூனிட்டு நாலு மடங்கு வெல, நீ இருக்க ரூம்ல மட்டும் ரேடியேட்டரத் தொறந்து வச்சுக்கிட்டு மத்த ரூம்ல கொறச்சு வையி. இட்லி மாவு புளிக்கலன்னு ஓவன்ல வைக்கியாம்லா, லைட்ட மட்டும் போட்டு வச்சா போதும், சூடு பண்ணாண்டாம்னு ஒங்கம்மா சொல்லுதா. அவளுக்கு இன்னொரு சந்தேகம், அங்க கேஸ் குழாய்ல வருதுன்னா சிலிண்டர் தூக்கிட்டு வாரவனுக்கு டீ காசு மிச்சமாங்கா. இங்க மூணு கம்பெனி சிலிண்டரும் ஒரே வெலதான், ஒப்பிட்டுப் பாக்க ஒண்ணுமில்ல, அவளுக்கு ஒன் பாடு வேடிக்கையா இருக்கு.

சனிக்கிழம போன் போடும்போது ரெண்டு மீட்டர் ரீடிங்கையும், கேஸ் மீட்டர் கன மீட்டரா கன அடியாங்கறதையும் எழுதி வச்சிட்டுப் பேசு.

அப்பா