ஸ்காட்லாந்துக்குக் கோடைச் சுற்றுலா நடத்தும் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நிர்வாகிகளுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை விட்டதும் லண்டன், லெஸ்டர், பர்மிங்ஹாம் பக்கத்திலிருந்து நம்மவர் பேருந்துகள் வடக்கே கிளம்பிவிடுகின்றன. திட்டம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஒரு நாள் எடின்பரோ கோட்டை, மறுநாள் லாக் நெஸ் படகு, வழியில் கிளென்கோ பள்ளத்தாக்கில் இறங்கிப் படம், அப்புறம் ஊர் திரும்பல். இத்தனை குடும்பங்களைக் கூட்டிப்போய், சோறு போட்டு, பத்திரமாக வீடு சேர்ப்பது எவ்வளவு பெரிய பாடு என்று எனக்குத் தெரியும். அந்த உழைப்பின் மேல் உள்ள மரியாதையோடுதான் கேட்கிறேன்: அதில் ஒரு நாளையாவது ஸ்காட்லாந்தின் கிராமப்புறத்துக்குக் கொடுங்கள்.

நமக்கே நேரடித் தொடர்புள்ள இடத்திலிருந்து தொடங்குகிறேன். லாக் நெஸ் போகும் பேருந்து இன்வெர்னஸ் வரை எப்படியும் வருகிறது. அங்கிருந்து வடக்கே அரை மணி நேரத்தில் ஃபைரிஷ் குன்று. உச்சியில் கல்லால் கட்டிய ஒரு பெரிய வாயில் தனியாக நிற்கிறது. 1781 நவம்பரில் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றிய கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்குத் தலைமை தாங்கியவர் சர் ஹெக்டர் மன்றோ. இந்தக் குன்றின் அடிவாரத்து நோவார் பண்ணை அவருடையது. நாகப்பட்டினத்துக் கோட்டை வாயிலின் சாயலில் இதை எழுப்பச் செய்தார் என்கிறார்கள். வேலையில்லாமல் தவித்த உள்ளூர்க்காரர்களுக்குக் கூலி கொடுக்கவே கட்டினாராம். கூலி நாட்களைக் கூட்டுவதற்காக, மேலே ஏற்றிய கற்களை மறுபடி உருட்டிவிட்டார் என்றும் ஊர்க்கதை உண்டு. கருணைக் கதையாக மட்டும் இதை என்னால் கேட்க முடியவில்லை. அந்தக் கூலி எந்தக் கரையிலிருந்து வந்த பணம் என்று நம் பிள்ளைகள் அந்த வாயிலின் கீழ் நின்று கேட்க வேண்டும். நாகை மாவட்டத்தைச் சொந்த ஊராகக் கொண்டவர்கள் உங்கள் பேருந்தில் நிச்சயம் இருப்பார்கள். இப்படி ஒன்று இருப்பதையே அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை என்பது என் பெரிய ஆதங்கம்.

அடுத்து அபர்டீன்ஷைரின் க்ரெய்கிவார் கோட்டை. பால்டிக் கடல் வணிகத்தில் பொருள் சேர்த்த வில்லியம் ஃபோர்ப்ஸ் 1626-ல் கட்டி முடித்த கோபுர வீடு. டான்சிக் (இன்றைய போலந்தின் க்டான்ஸ்க்) துறைமுகத்தோடு வியாபாரம் செய்தவர் என்பதால் 'டான்சிக் வில்லி' என்றே பெயர். அடியில் வெறும் சுவர். மேலே போகப் போக உருண்டையான மூலைக் கோபுரங்கள் பிதுங்கிக்கொண்டு நிற்கும். முழுக்க இளஞ்சிவப்பு. நுழைய ஒரே வாசல். மரக்கதவுக்குப் பின்னால் இரும்புக் கம்பிகளைப் பின்னி அடித்த இன்னொரு கதவு. மேல் தளங்களில் மின்விளக்கு கிடையாது. ஜன்னல் வெளிச்சம் எவ்வளவு வருகிறதோ அவ்வளவுதான். மேகம் விலகும் போதெல்லாம் பெரிய கூடத்தின் கூரைச் சுதை வேலைப்பாடு துலங்கி வரும். நானூறு வருஷத்துக்கு முன் அங்கே இருந்தவர்களும் அந்த வெளிச்சத்தில்தான் அதைப் பார்த்திருப்பார்கள்.

அந்தச் சுவருக்கும் ஒரு கதை உண்டு. போன நூற்றாண்டில் அதன்மேல் சிமென்ட் பூசினார்கள். சிமென்ட், உள்ளே போன ஈரத்தை வெளியே விடாது. கல் நனைந்தபடியே கிடக்கும். பிறகு அதைப் பெயர்த்தெடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரைக்கே திரும்பினார்கள். அண்மையிலும் கோட்டையை மூடி, சாரம் கட்டி, நிறச் சுண்ணாம்பு அடித்து, 2024-ல்தான் மறுபடி திறந்தார்கள். 1963 முதல் அதைப் பராமரித்து வருவது ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை. நாம் வாங்கும் நுழைவுச்சீட்டுப் பணம் இந்த மாதிரி வேலைகளுக்குத்தான் போகிறது. வெளியே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் பிள்ளைகள் மனதில் நிற்பது கோட்டையை விட, அதே அபர்டீன்ஷைரில் அட்னி ஊர்க் கல்லறைத் தோட்டத்து வட்டக் கட்டடம்தான். மருத்துவக் கல்லூரிகளுக்கு விற்பதற்காகப் புதைத்த உடலைத் தோண்டித் திருடிய காலம் அது. அதற்குப் பயந்து 1832-ல் ஊர்க்காரர்கள் இதைக் கட்டினார்கள். உள்ளே ஏழு சவப்பெட்டிகளைத் தாங்கும் ஒரு சுழல் மேடை. புதுப் பெட்டி வர வர மேடையைச் சுற்றுவார்கள். உடல் அழுகித் திருடனுக்கு உதவாத நிலைக்கு வந்த பிறகே மண்ணுக்குப் போகும். அதே ஆண்டில் மருத்துவக் கல்லூரிகளுக்குச் சட்டப்படியே உடல்கள் கிடைக்க வழிசெய்த உடற்கூறுச் சட்டம் வந்தது, உடல் திருட்டு ஓய்ந்தது, கட்டடத்துக்கும் வேலை இல்லாமல் போனது.

இங்கிலாந்து எல்லையை ஒட்டிய பகுதி வழியாகத் திரும்புகிறவர்கள் ட்ராக்வேர் வீட்டைப் பார்க்கலாம். 1745-ல், தன் வம்சம் இழந்த அரியணையை மீட்கப் படை திரட்டிய இளவரசர் சார்லஸ் ஸ்டூவர்ட் அங்கு வந்து போன பிறகு சாத்திய கரடி வாயில், ஸ்டூவர்ட் வம்சத்தவர் ஒருவர் மறுபடி முடிசூடும் வரை திறக்காது என்ற வாக்கு இன்னும் காக்கப்படுகிறது.

நான் அவசரப்படுத்துவது தேவாலயங்களுக்காக. 1950-களில் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் உறுப்பினர் தொகை சுமார் 13 லட்சம். இன்று மூன்று லட்சத்துக்கும் கீழே. கூரை ஒழுகலைச் சரிசெய்யப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. நூற்றுக்கணக்கான கட்டடங்களைக் கைவிட முடிவெடுத்து, வரிசையாக விற்பனைக்கு விட்டுக்கொண்டிருக்கிறார்கள். வாங்கியவர் வீடாக மாற்றிக் கதவைச் சாத்திக்கொண்டால் அப்புறம் நமக்கு உள்ளே என்ன வேலை? எடின்பரோவைத் தாண்டி ஃபோர்த் பாலத்துக்குப் பக்கத்தில் டல்மேனி ஊர்த் தேவாலயம் இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். தெற்கு வாசல் வளைவில் விலங்குகளும் விசித்திரப் பிறவிகளும் வரிசையாகச் செதுக்கியிருக்கும். மழையில் தேய்ந்து பாதி முகங்கள் மழுங்கிவிட்டன. உங்கள் பேருந்துகள் அதற்கு ஒரு கூப்பிடு தூரத்தில்தான் போகின்றன.

நடைமுறைக்கு வருகிறேன். பல வீடுகள் ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் திறப்பார்கள். திறக்கும் நாட்களும் மாறும், கேட்டுக்கொண்டு போங்கள். க்ரெய்கிவாரில் வழிகாட்டியோடு சிறு குழுவாகத்தான் விடுவார்கள், ஐம்பது பேரோடு போய் நிற்க முடியாது. ஆகவே பெரிய பேருந்தைத் தங்கும் ஊரிலேயே விட்டுவிட்டு மினிபஸ் எடுங்கள். இங்கிலாந்தின் தேசிய அறக்கட்டளையில் உறுப்பினரானவர்களுக்கு ஸ்காட்லாந்து அறக்கட்டளையின் இடங்களில் அனுமதி இலவசம். நம்மில் பலரிடம் அந்த அட்டை இருக்கிறது, யாரும் கொண்டுவருவதில்லை. தேவாலயத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டால் பெரும்பாலும் யாராவது சாவியோடு வந்து நிற்பார்கள். உண்டியலில் தாராளமாகப் போடுங்கள். கல்லறைகளுக்கு நடுவே பொட்டலம் பிரித்துச் சாப்பிட வேண்டாம். அந்த ஊர்க்காரர்களின் தாத்தா பாட்டி அங்கேதான் இருக்கிறார்கள்.

வரும் கோடைக்கான திட்டத்தை நீங்கள் இன்னும் முடிவு செய்திருக்க மாட்டீர்கள். நிர்வாகக் கூட்டத்தில் இந்த மடலை எடுத்துப் பேசுங்கள். முதல் முயற்சியாக, இன்வெர்னஸில் கூடுதலாக ஓர் இரவு தங்கி ஃபைரிஷ் ஏறலாம். ஏறி இறங்க இரண்டு மணி நேரம் ஆகும்; முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்குக் கீழேயே ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

அன்புடன்,
அபர்டீனில் வாழும் ஒரு தமிழர்