நீச்சல் பயிற்சியாளர்களுக்கு: தரையில் இருபது நிமிடம் தாருங்கள்

அன்புள்ள நீச்சல் பயிற்சியாளர்களுக்கு,

வணக்கம். நான் ஓர் இயன்முறை மருத்துவர். போட்டிகளுக்காக நீந்தும் பிள்ளைகளின் தோள்வலியைப் பார்ப்பது என் வேலையில் பெரும்பகுதி. உங்கள் உழைப்பைக் குறைத்துப் பேச இந்த மடலை எழுதவில்லை. விடிவதற்கு முன்பே குளக்கரையில் வந்து நிற்கிறவர்கள் நீங்கள். ஆனால் உங்கள் பயிற்சி அட்டவணையோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. தண்ணீரில் செய்ய வேண்டியதெல்லாம் அதில் மீட்டர் பிசகாமல் எழுதப்பட்டிருக்கிறது. தரையில் செய்யும் வலுப்பயிற்சி மட்டும் ‘நேரம் இருந்தால்’ என்று ஓரத்தில் கிடக்கிறது. நேரம் ஒருநாளும் இருப்பதில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வேளைக்கு 5,000 மீட்டர். 25 மீட்டர் குளத்தில் அது 200 நீளம். ஒரு நீளத்துக்கு 16 கைவீச்சு என்று வைத்தாலும் 3,200 வீச்சு, கைக்கு 1,600. வாரம் ஆறு நாள், நாளுக்கு ஒரு வேளை மட்டும் என்றாலும் ஒரு தோள் 9,600 முறை சுழல்கிறது. கிரிக்கெட்டில் இளம் வேகப்பந்து வீச்சாளருக்கு எண்ணித்தான் ஓவர் தருகிறார்கள். நீச்சல்காரரின் தோளை யார் எண்ணுகிறார்கள்?

அந்த மூட்டின் அமைப்பையும் நினைத்துப் பாருங்கள். இடுப்பில் தொடையெலும்பின் தலை ஆழமான கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோளில் அந்த ஆழம் இல்லை. ஏறக்குறைய தட்டையான பரப்பின் மீதுதான் மேற்கை எலும்பின் தலை நிற்கிறது. அது நழுவாமல் நடுவில் பிடித்து வைப்பவை நான்கு சிறிய சுழற்றுத் தசைகள். நீரை இழுத்துத் தள்ளும் பெரிய வேலையைச் செய்பவை மார்புத் தசையும் முதுகின் அகன்ற தசையும். இரண்டுமே கையை உட்புறமாகச் சுழற்றுபவை. நீந்த நீந்த வலுப்பவை. கையை வெளிப்புறமாகச் சுழற்றும் தசைகளுக்கும், தோள்பட்டை எலும்பை முதுகோடு சேர்த்துப் பிடிக்கும் தசைகளுக்கும் நீரில் அந்த அளவுக்குச் சுமை கிடைப்பதில்லை. இன்னும் ஆயிரம் மீட்டர் கூட்டினால் இந்த ஏற்றத்தாழ்வும் கூடத்தான் செய்யும். களைத்துப்போன கடைசிச் சுற்றுகளில் முழங்கை தாழ்கிறது, வீச்சு குலைகிறது, அந்தச் சிறிய தசைகளை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் பாரத்தைச் சுமக்கின்றன.

இது புதுச் செய்தி அல்ல. எலும்பு மருத்துவர்களான கென்னடியும் ஹாக்கின்சும் நீச்சல்காரர்களின் தோள்வலியைத் தனியாக விவரித்து எழுதியது 1974-இல். 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 13 முதல் 25 வயது வரையிலான 80 முன்னணி நீச்சல்காரர்களில் 73 பேர் தோள்வலி இருப்பதாகச் சொன்னார்கள். ஸ்கேன் எடுத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்களுக்குத் தசைநாண் பாதிப்பு இருந்தது. நீந்திய மணிநேரமும் வாரத் தூரமும் கூடக் கூட அதுவும் கூடியது.

தரைப்பயிற்சி பலன் தருமா என்றால், மற்ற விளையாட்டுகளைப் பாருங்கள். நார்வேயில் 13 முதல் 17 வயதுக் கால்பந்துச் சிறுமிகளிடம், வலுவும் சமநிலையும் சேர்ந்த இருபது நிமிட ‘11+’ தயார்ப்பயிற்சியைச் சோதித்தார்கள். 2008-இல் வந்த முடிவின்படி காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. பந்தைக் கையால் எறிந்து ஆடும் ஹேண்ட்பால் வீரர்களுக்குத் தோளுக்கென்றே வகுத்த பயிற்சியால் தோள் தொல்லைகள் 28 சதவீதம் குறைந்ததாக 2017-இல் இன்னோர் ஆய்வு வந்தது. 2014-இல், 26,000-க்கும் மேற்பட்ட விளையாட்டு வீரர்களை உள்ளடக்கிய 25 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, காயத்தைத் தடுப்பதில் வலுப்பயிற்சியே முன்னால் நின்றது. தசையை இழுத்து நீட்டும் பயிற்சிக்கு அப்படி ஒரு பலனும் தென்படவில்லை. ‘இவர்கள் யாரும் நீச்சல்காரர்கள் அல்லவே’ என்பீர்கள். உண்மைதான். ஆனால் தசைநாண் எந்த விளையாட்டிலும் ஒரே மாதிரிதான்: படிப்படியாகச் சுமை ஏற்றினால் தாங்கப் பழகும், திடீரென்று ஏற்றினால் நோகும்.

இழுத்து நீட்டுவது என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். குளக்கரைகளில் ஒரு சடங்கு நடக்கிறது: ஒரு பிள்ளை உட்கார, இன்னொரு பிள்ளை பின்னால் நின்று அதன் இரு கைகளையும் முதுகுப்பக்கம் இழுக்கிறது. நீச்சல்காரர் பலருக்குத் தோள்மூட்டு ஏற்கெனவே தளர்ந்துதான் இருக்கிறது. தளர்ந்ததை மேலும் தளர்த்துவதில் என்ன லாபம்? இதை இன்றே நிறுத்திவிடலாம்; காசும் செலவில்லை, நேரமும் மிச்சம்.

எடை தூக்கினால் வளர்ச்சி நின்றுவிடும் என்ற அச்சம் பெற்றோரிடம் மட்டுமல்ல, உங்களில் சிலரிடமும் இருக்கிறது. தகுதியானவர் மேற்பார்வையில் செய்யும் வலுப்பயிற்சி பிள்ளைகளின் உயரத்தையோ வளரும் எலும்பு முனைகளையோ கெடுப்பதில்லை என்பதை அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமியே ஏற்றுக்கொண்டிருக்கிறது. போதாக்குறைக்கு, நீரில் மிதக்கும் உடல் எலும்புக்கு அதிர்வைத் தருவதில்லை; குதித்து ஓடும் விளையாட்டுக்காரர்களைவிட நீச்சல்காரர்களின் எலும்பு அடர்த்தி பொதுவாகக் குறைவாக இருக்க இதுவே காரணம். தரையில் குதிப்பதும், முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழும் ஸ்குவாட் செய்வதும் அவர்களுக்கு இரட்டிப்பாகத் தேவை. குதித்துத் தொடங்குவதும் சுவரை உதைத்துத் திரும்புவதும் கால் வலுவில்தான் இருக்கின்றன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது அதிகமில்லை. முழங்கையை விலாவோடு ஒட்டி ரப்பர் பட்டையை வெளிப்புறமாக இழுப்பது, பட்டையை முகத்தை நோக்கி இழுப்பது, புஷ்-அப்பின் உச்சியில் தோள்பட்டையை இன்னும் கொஞ்சம் முன்னே தள்ளுவது, நடுவுடலுக்கு, முழங்கைகளிலும் கால்விரல்களிலும் உடலை நேராகத் தாங்கி நிற்கும் பிளாங்க். இவற்றை நீரில் இறங்கும் முன் வாரம் மூன்று நாள் செய்தால் போதும். ஸ்குவாட், புல்-அப் போன்ற கனமானவற்றை நீச்சலின் கடினமான பகுதிக்கு முன்னால் வைக்காமல் வேறு வேளைக்குத் தள்ளுங்கள். தவளைபோல் காலடிக்கும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் நீந்துகிறவர்களுக்கு உள்தொடைத் தசையைக் கூடுதலாகக் கவனியுங்கள். அவர்கள் முழங்காலின் உட்பக்கத்தையும் தொடையிடுக்கையும் பிடித்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். எடையைக் கூட்டும் முன் அசைவு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அட்டவணையில் 1,000 மீட்டரைக் குறைத்தால் இந்த இருபது நிமிடம் கிடைத்துவிடும்.

இன்னொன்றும் கேட்கிறேன். தோள் வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளைக்குக் கிக்போர்டைக் கொடுத்து ‘காலை மட்டும் அடி’ என்கிறீர்கள். கையைத் தலைக்கு மேல் நீட்டிப் பலகையைப் பிடிக்கும் அந்த நிலையே வலிக்கும் தோளுக்கு ஆகாது. பலகை இல்லாமல் மல்லாந்து, கைகளை உடலோடு வைத்துக் காலடிக்கச் சொல்லுங்கள். நீரைத் தள்ள உள்ளங்கையில் மாட்டும் கைத்தகடுகளை எடுத்துவிடுங்கள். இரண்டு வாரத்தில் வலி தணியவில்லை என்றால் மருத்துவரிடம் அனுப்புங்கள். வலியைச் சொன்னதற்காக யாரையும் அணியிலிருந்து நீக்க மாட்டோம் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் மறைப்பது வலிக்கு அஞ்சி அல்ல, உங்களுக்கு அஞ்சி.

அடுத்த பருவத்துக்கான அட்டவணையை எழுத உட்காரும்போது தரைப்பயிற்சியை முதலில் எழுதுங்கள். தூரத்தை அதற்குப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் தோள்களைப் பார்க்கும் ஓர் இயன்முறை மருத்துவர்