ஓகேஆர் ஷீட்: திங்கள் காலை 10 மணிக்குள்

பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம். ஓகேஆர் (இலக்குகளும் அவற்றை அளக்கும் முடிவுகளும்) ஷீட்டில் பல வரிகளில் மதிப்பெண் தப்பாக ஏறியிருக்கிறது. தொடங்கிய அளவைக் கழிக்காமல் வகுக்காதீர்கள். செக்கிங்கில் ரிஜெக்‌ஷன் 6%லிருந்து 3% ஆக வேண்டும், இப்போது 4.5%. இறங்கியது 1.5, இறங்கவேண்டியது 3. ஆக 0.5தான். 3ஐ 4.5ஆல் வகுத்து 0.67 போட்டவர்கள் திருத்திவிடுங்கள்.

"பையர் மீட்டிங் 4 நடத்தினோம்" என்பது செய்த வேலை. அதனால் எத்தனை ஆர்டர் உறுதியானது என்பதே முடிவு, அதை எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஒருவர் பெயர் மட்டும். இரண்டு பெயர் இருந்தால் இருவருமே பார்ப்பதில்லை (பேக்கிங் வரியைத் திறந்து பாருங்கள், புரியும்).

1க்கு 0.7 வந்தாலே நல்ல மதிப்பெண். 6ஆவது வாரத்தில் 0.3க்குக் கீழே இருந்தால் அன்றே சொல்லுங்கள். இன்க்ரிமென்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உள்ள எண்ணை அப்படியே போடலாம்.