மே மாதம் வேண்டாம், மாப்பிள்ளை

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சௌக்கியம். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டாகிவிட்டது, ஊரே வயலில் இருக்கிறது.

உன் சாரணர் பசங்க சுவிட்சர்லாந்தில் காண்டர்ஸ்டெக் போகப்போவதைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. 1923-லிருந்து பல நாட்டுச் சாரணர்கள் வந்து தங்கும் மையம் அது. பசங்களுக்கு மலையைவிட அந்தச் சேர்க்கைதான் பெரிய படிப்பு. ஆனால் மே மாதம் என்று எழுதியிருக்கிறாயே, அதை மாற்றிவிடு.

நமக்குக் கத்திரி வெயில் அடிக்கும்போது அங்கே 2,000 மீட்டருக்கு மேல் பனி கிடக்கும். உயரமான கணவாய்களில் ஜூன் கடைசி வரைகூடக் கரையாது. பாறையில் பூசியிருக்கும் வெள்ளை-சிவப்பு-வெள்ளை வழிக்குறி பனிக்கடியில் போய்விடும். காலையில் சரிவு கெட்டியாக இருந்து சறுக்கும், வெயில் ஏறினால் இளகி முழங்கால் வரை கால் புதையும். ஓடையை மூடிய பனிக்கு அடியில் தண்ணீர் அரித்து வெற்றிடமாக்கியிருக்கும், மேலே மிதித்தால் உடையும். மலைவிடுதிகளும் பெரும்பாலும் அப்போது திறந்திருக்காது.

ஜூலை, ஆகஸ்டில் பள்ளி விடமாட்டார்கள் என்றால் காலாண்டு விடுமுறையைப் பிடி. செப்டம்பர் கடைசியில் பாதை பெரும்பாலும் காய்ந்திருக்கும், கோடையைவிட இடிமழையும் குறைவு. பகல் சுருங்கிவிடும், ராத்திரியோடு ராத்திரியாகப் புதுப்பனி விழவும் கூடும் என்பதை மட்டும் கணக்கில் வை. மே-தான் என்று பெற்றோர் பிடிவாதமாக இருந்தால், பள்ளத்தாக்குப் பாதையோடு நிறுத்திக்கொள். மஞ்சள் குறி எல்லாருக்கும். வெள்ளை-சிவப்பு-வெள்ளைக்கு நல்ல பூட்ஸும் தலைசுற்றாத ஆளும் வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை கண்டால் திரும்பிவிடு, அது கயிறு கட்டிப் போகிறவர்களுக்கு.

நேரக் கணக்கைப் பசங்களையே போட வை. மணிக்கு 4 கிலோமீட்டர் நடை, 300 மீட்டர் ஏற்றம். இரண்டையும் தனித்தனியாகப் போட்டு, பெரியதோடு சிறியதில் பாதியைக் கூட்ட வேண்டும். 8 கிலோமீட்டர் தூரம், 900 மீட்டர் ஏற்றம் என்றால் தூரத்துக்கு 2 மணி, ஏற்றத்துக்கு 3 மணி. மொத்தம் 4 மணி. இதில் ஓய்வு சேராது, அங்கே கைகாட்டியில் எழுதியிருக்கும் நேரத்திலும் சேராது. பசங்க கூட்டத்துக்குப் பாதி கூடவே போடு. எத்தனை மணிக்குத் திரும்புவது என்று கிளம்பும்போதே சொல்லிவிடு. உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் அந்த நேரம் வந்தால் திரும்ப வேண்டும்.

வெள்ளியங்கிரி ஏறின பசங்கதானே என்று நினைக்காதே. வெள்ளியங்கிரியில் வழிநெடுகக் கூட்டம் இருக்கும், கடை இருக்கும், சுவிஸ் மலையில் அப்படி இருக்காது. மூங்கில் தடி பிடித்த பழக்கம் மட்டும் நிச்சயம் உதவும். பயிற்சிக்குச் சென்னிமலை 1,320 படி போதும். பை தூக்கிக்கொண்டு வாரம் இரண்டு தடவை ஏறி இறங்கட்டும். இறங்குவதைக் கவனி, முழங்கால் வலி அங்கேதான் ஆரம்பிக்கும். 45 கிலோ எடையுள்ள பையனுக்குப் பை 7 கிலோவைத் தாண்டக் கூடாது. இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும், எடை தோளில் தொங்கக் கூடாது.

திருப்பூர்க்காரன் வருத்தப்பட்டாலும் சொல்கிறேன், பருத்திப் பனியன் ஒன்றுகூட மலைக்கு வேண்டாம். வியர்வையைக் குடித்துக்கொண்டு காயாமல் ஒட்டும். ஏறி முடித்து நின்றதும் காற்றடித்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், பையன் வெடவெடவென்று நடுங்குவான். அதே திருப்பூரில் விளையாட்டுக்குத் தைக்கும் பாலியெஸ்டர் ஜெர்சி வாங்கிக்கொள். அதன்மேல் சூடு காக்கும் ஃப்ளீஸ் சட்டை, அதற்கும் மேல் மழைக்கோட்டு. 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும்.

பூட்ஸை இரண்டு மாதம் முன்பே வாங்கிப் போட்டுப் பழகட்டும். கம்பளிக் காலுறையோடு சேர்த்து அளவு பார்க்க வேண்டும். இறங்கும்போது விரல் முன்னால் இடித்தால் நகம் கறுத்துவிடும். வெளிநாட்டிலிருக்கும் சித்தப்பா கொடுத்த பழைய பூட்ஸ் என்று யாராவது கொண்டுவந்தால் வாங்காதே. சும்மா கிடந்தாலும் ஈரக்காற்றில் உள்ளடி நுரை இற்றுப்போய், நடு வழியில் அடிப்பாகம் கழன்று வரும். காலில் எரிச்சல் தட்டின உடனே நின்று பிளாஸ்திரி ஒட்டச் சொல், கொப்புளம் வந்தபிறகு ஒட்டிப் பயனில்லை.

சாப்பாட்டுக்கு நம்ம அரிசியும் பருப்பும் சாதம் போதும். முகாம் இருக்கும் உயரத்தில் தண்ணீர் சுமார் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரமாகும். ஊறவைத்துப் போடு, அல்லது சின்னக் குக்கர் எடுத்துப் போ. நெய், பால் இனிப்பு, பச்சைக் கறிவேப்பிலை எதையும் இங்கிருந்து கொண்டுபோக விடமாட்டார்கள். நெய்க்குப் பதில் அங்கே வெண்ணெய் கிடைக்கும். கேஸ் சிலிண்டரை எந்தப் பையில் வைத்தாலும் விமானத்தில் ஏற்றக் கூடாது.

காகித வேலைக்கு, சாரணர் தேசியத் தலைமையகத்தின் அறிமுகக் கடிதத்தை மாநிலத் தலைமையகம் வழியாக இப்போதே கேள். ஷெங்கன் விசாவுக்கு (சுவிட்சர்லாந்தும் சேர்ந்த ஐரோப்பிய நாடுகளின் பொது விசா) பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். தாய், தகப்பன் இருவர் சம்மதக் கையெழுத்தும், குறைந்தது 30,000 யூரோ காப்பீடும் வேண்டும். அந்தக் காப்பீட்டில் ஹெலிகாப்டர் மீட்பு சேருமா என்று பாலிசியைப் படித்துப் பார்.

ஒவ்வொரு பையன் கழுத்திலும் ஒரு விசில். ஆபத்தென்றால் நிமிடத்துக்கு ஆறு ஊதல், பிறகு ஒரு நிமிடம் சும்மா இருந்து திரும்ப ஆறு. பதில் மூன்று ஊதலாக வரும். மீட்பு ஹெலிகாப்டருக்கு 1414, எதற்கும் 112.

எத்தனை பேர், என்னென்ன வயது, எந்த வாரம் என்று மறு கடிதத்தில் எழுது. ஒவ்வொரு நாளுக்கும் பாதையும் திரும்பும் நேரமும் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை